கம்பெனிக்காரன் கொடியைக் கீழே போடு

1976-இல் மூண்ட ஒரு சண்டை இன்னும் ஓயவில்லை. ஈமேக்ஸ் உசத்தியா, வி.ஐ. உசத்தியா? இரண்டுமே புரோகிராம் எழுதுகிறவர்கள் டைப் அடிக்கும் எடிட்டர்கள். இரண்டும் அந்த ஒரே ஆண்டில் பிறந்தவை. அன்று மல்லுக்கு நின்றவர்கள் ரிடையர் ஆகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வழக்கு மட்டும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த ஐம்பது வருஷத்தில் எந்த மளிகைக் கடைக்காரராவது, "தம்பி, என் பில்லிங் சாப்ட்வேரை எந்த எடிட்டர்ல அடிச்சே?" என்று கேட்டிருப்பாரா? அவருடைய கேள்வியே வேறு. மாதத்தின் முதல் வாரம், சம்பளம் வாங்கிய ஜனம் கடை வாசல் வரைக்கும் நிற்கும்போது, பில் மெஷின் ஏன் மக்கர் பண்ணுகிறது?

அந்தக் கேள்வி, புரோகிராம் எழுதுகிற உன் காதில் விழவில்லை. நீ வேறொரு யுத்தத்தில் இருக்கிறாய். உன் சீனியர்கள் ஜாவாவா டாட்நெட்டா என்று அடித்துக்கொண்டார்கள். நீ ரியாக்ட்டா ஆங்குலரா என்று அடித்துக்கொள்கிறாய். உனக்குப் பின்னால் வந்தவன், எந்த ஏஐ நன்றாகக் கோட் எழுதும் என்று அடித்துக்கொள்கிறான். சென்னை ஓ.எம்.ஆரில் பெருங்குடி தொடங்கி சிறுசேரி வரைக்கும் எந்த கேன்டீனில் உட்கார்ந்தாலும் சாம்பார் சாதம் ஆறிப்போகிறது, விவாதம் ஆறுவதில்லை. ஐபோன்காரன் ஆண்ட்ராய்டுக்காரனை மட்டமாகப் பார்க்கிறான். லினக்ஸ்காரனுக்கு இரண்டு பேருமே நரகத்துக்குப் போகிறவர்கள்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? அறிவிலிருந்து என்று நீ நினைக்கிறாய். பயத்திலிருந்து என்கிறேன் நான்.

ஒரு ஃபிரேம்வொர்க்கை நாலு வருஷம் கரைத்துக் குடித்திருக்கிறாய். ரெஸ்யூமில் முதல் வரி அதுதான். லிங்க்ட்இன்னில் உன் பெயருக்குக் கீழே அதுதான். வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போட்ட தைரியமும் அதை நம்பித்தான். எவனோ ஒருவன் வந்து "அதெல்லாம் பழசுப்பா" என்று போகிற போக்கில் சொன்னால் உனக்கு அடிவயிறு கலங்குகிறது. அவன் குறை சொன்னது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை. வலிக்கிறது உனக்கு. ஏனென்றால் உன் தன்னம்பிக்கை என்ற வீட்டை அடுத்தவன் மனையில் கட்டிவைத்திருக்கிறாய். பட்டா அவன் பேரில் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம். அந்தச் சுவரை யார் தொட்டாலும் நீ பாய்வதற்குக் காரணம் அதுதான்.

கம்பெனிகளுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். 1980-களிலேயே ஆப்பிள் நிறுவனம் கய் கவாசாகி போன்றவர்களை 'இவாஞ்சலிஸ்ட்' என்ற பதவியிலேயே உட்காரவைத்து, டெவலப்பர்களை மெக்கின்டாஷ் பக்கம் இழுக்க ஊர் ஊராக அனுப்பியது. இன்று எல்லாப் பெரிய கம்பெனியிலும் அந்த வேலைக்கு ஆள் உண்டு. தப்பே இல்லை, அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கொடி பிடிக்கிறார்கள். நீ எதற்குச் சும்மா பிடிக்கிறாய்? வாரத்துக்கு ஐந்து நாள் ஒருவனிடம் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு அமெரிக்காவில் இருக்கிற இன்னொருவனுக்காக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முகம் தெரியாத ஆளோடு சண்டை போடுகிறாயே, அந்தக் கம்பெனிக்கு உன் பெயராவது தெரியுமா?

1997-ஐப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் உலகில் கொடி பிடித்தவர்களுக்கு அதைப் போல மூக்குடைபட்ட வருஷம் இன்னொன்று இல்லை.

அந்த ஆண்டு ஆப்பிள் சுமார் 100 கோடி டாலர் நஷ்டத்தில் இருந்தது. கம்பெனி தேறுமா, தேறாதா என்பதே சந்தேகம். பதினோரு வருஷத்துக்கும் மேல் வெளியே இருந்துவிட்டு ஸ்டீவ் ஜாப்ஸ் ஆலோசகராகத் திரும்பியிருந்தார். மே மாதம் சான் ஹோசேயில் டெவலப்பர்கள் மாநாடு. ஜாப்ஸ் மேடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓப்பன்டாக் என்றொரு தொழில்நுட்பத்தை ஆப்பிள் அப்போதுதான் கைகழுவியிருந்தது. அதை நம்பி உழைத்தவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். உங்களுக்கு விஷயமே தெரியாது, ஓப்பன்டாக்கில் இருப்பதை ஜாவா எப்படிச் செய்யும் என்று முடிந்தால் விளக்குங்கள் பார்ப்போம், இத்தனை வருஷமாக நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்கிற தோரணையில் கேட்டார்.

ஜாப்ஸுக்குப் பொறுமைசாலி என்று யாரும் பெயர் கொடுத்ததில்லை. அன்று மனிதர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார், யோசித்தார். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம், அந்தத் தொழில்நுட்பத்தில் வேறெதிலும் இல்லாத சிறப்புகள் இருக்கலாம் என்று முதலில் ஒத்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். வாடிக்கையாளருக்கு என்ன அனுபவம் கிடைக்க வேண்டும் என்பதில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கித் தொழில்நுட்பத்துக்கு வர வேண்டும். கையில் ஒரு தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு இதை யார் தலையில் கட்டலாம் என்று தேடக்கூடாது என்றார். இந்தத் தப்பை இந்த அரங்கத்தில் எல்லாரையும் விட அதிகமாகச் செய்தவன் நான்தான், உடம்பில் தழும்பு இருக்கிறது என்றும் சொன்னார்.

அதோடு விடவில்லை, லேசர் பிரிண்டர் கதையைச் சொன்னார். 1985-இல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் பெட்டிக்குள் கேனான் தயாரித்த இயந்திரம், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் என்று அன்றைய உலகின் மிகச் சிறந்த சரக்கெல்லாம் இருந்தது. விலை 6,995 டாலர். ஆனால் முதல் தாள் அச்சாகி வெளியே வந்தபோது அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, இந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்டாலே போதும். உன் வேலையில் அந்தத் தாள் எது? யோசித்து வை.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், பாஸ்டன் நகரில் மேக் ரசிகர்களின் கண்காட்சி. மேடைக்குப் பின்னால் இருந்த பிரமாண்டமான திரையில் பில் கேட்ஸின் முகம் வந்தது. ஜென்ம விரோதி! அரங்கத்தில் ஊளையிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் போடுகிறது, ஐந்து வருஷத்துக்கு மேக்குக்கு ஆபீஸ் மென்பொருளைத் தரப்போகிறது, மேக்கில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர்தான் இயல்புநிலை பிரவுசர் என்ற அறிவிப்புகள் அடுத்தடுத்து விழுந்தன. ஆப்பிள் ஜெயிக்க வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்றாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டொழியுங்கள் என்று ஜாப்ஸ் தன் ரசிகர்களுக்கே புத்தி சொன்னார்.

காரணம் எளிது. மேக் வாங்கின குமாஸ்தாவுக்கு வேர்டும் எக்செலும் வேண்டும். அவை ஓடாத மெஷினை எந்த ஆபீஸும் வாங்காது. ராஜாக்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டபோது ஊளையிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? உன்னைப் போல ஆளுக்கொரு கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

இன்னொன்று. நீ எந்தக் கொடியைப் பிடிக்கிறாயோ அது உன்னைவிடச் சீக்கிரம் கிழவனாகும். ஃபிளாஷ் இல்லாமல் இன்டர்நெட்டே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதன் கதை முடிந்தது. அதற்குப் போட்டியாக வந்த சில்வர்லைட் அடுத்த வருஷமே கண்ணை மூடியது. சண்டை போட்ட இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குழியில். ஆங்குலர்ஜேஎஸ்-க்குக் கூகுள் 2021 கடைசியில் கும்பிடு போட்டது. சிம்பியன் போயிற்று, விண்டோஸ் போன் போயிற்று. நீ நேசித்ததற்காக எதுவும் ஒரு நாள் கூடுதலாக உயிரோடு இருக்கவில்லை. ஃபிளாஷில் குழந்தைகளுக்குப் பாடம் செய்து கொடுத்தவர்களில், பின்னம் என்றால் பிள்ளைக்கு எந்த இடத்தில் குழம்புகிறது என்று தெரிந்துவைத்திருந்தவன் வேறு கருவியை எடுத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தான். ஃபிளாஷ் மட்டுமே தெரிந்தவன் ஃபிளாஷ் செத்ததற்குச் சோகமாக எழுதிக்கொண்டிருந்தான்.

வாடிக்கையாளருக்குக் கட்சி கிடையாது. 1979-இல் விசிகால்க் என்ற முதல் கணக்குத்தாள் மென்பொருள் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வந்தபோது, அந்த ஒரு மென்பொருளுக்காகவே கம்ப்யூட்டரை வாங்கினார்கள். 1983-இல் ஐபிஎம் பிசி-யில் லோட்டஸ் 1-2-3 வந்து அதைவிட வேகமாகக் கணக்குப் போட்டது. அத்தனை பேரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்கள் துரோகிகளா? கணக்கு முடித்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போக நினைத்தவர்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். திருப்பூர், ஈரோடு, சிவகாசி, எந்த ஊரானாலும் கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வி, "டேலி தெரியுமா?" என்பதுதான். அந்த டேலி எப்படி வந்தது? பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்று ஒரு வியாபாரி. ஆலைகளுக்கு இயந்திர உதிரிபாகங்களும் மூலப்பொருள்களும் விற்கிற தொழில். தன் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் தேடினார், தோதாக எதுவும் அமையவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம், நீயே ஒன்று எழுதிக் கொடு என்றார். 1986-இல் டாஸில் ஓடும் ஒரு சின்ன புரோகிராமாக அது பிறந்தது.

அன்றைய கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். ரொக்கத்துக்கு ஓர் எண், வாடகைக்கு ஓர் எண், முருகன் ஸ்டோர்ஸுக்கு ஓர் எண். அந்த எண்களை மனப்பாடம் செய்தவன்தான் கணக்கு எழுத முடியும். புரோகிராம் எழுதுகிறவனுக்கு அது ரொம்ப சௌகரியம். எண்ணை வைத்துத் தேடுவது கம்ப்யூட்டருக்குச் சுலபம். நாற்பது வருஷமாகப் பேரேட்டில் பெயரை எழுதிப் பழகிய வியாபாரிக்கு அது நரகம். டேலி அந்த எண்களைத் தூக்கி எறிந்தது. முருகன் ஸ்டோர்ஸ் என்றால் முருகன் ஸ்டோர்ஸ் என்றே அடி. கஷ்டத்தை வியாபாரி தலையிலிருந்து இறக்கி புரோகிராமர் தலையில் வைத்தார்கள். இந்த ஒரு இடமாற்றம்தான் டேலியின் வெற்றி என்பது என் எண்ணம். 2020-இல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த முதல் டேலியை எந்த மொழியில் எழுதினார் என்று டேலி தெரிந்த லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

உனக்கும் ஓர் அப்பா இருக்கிறார். ஒரு சித்தப்பா கடை வைத்திருக்கிறார். ஓர் அத்தை மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறார். அந்த நோட்டை ஒரு நாள் வாங்கிப் பார்த்திருக்கிறாயா?

தமிழர்களாகிய நாம் இந்தப் பாடத்தை வேறு யாரையும்விட நன்றாகக் கற்றிருக்க வேண்டும். 1990-களின் கடைசியில் இணையத்தில் தமிழ் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக்கொண்டால்தான் படிக்கலாம். அடுத்த தளத்துக்குப் போனால் அது வேறொன்றைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவன் எங்கே போய் எழுத்துரு போடுவது? கடைக்காரர் எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டார். மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு, திரையில் தலைக்கு மேல் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளை அவன் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். சில தளங்கள் தானே இறங்கிக்கொள்ளும் எழுத்துருவை வைத்தன, ஆனால் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்யும். தஞ்சாவூரிலிருந்து தங்கை பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் டொராண்டோவில் அண்ணனுக்குச் செமிகோலனும் கமாவுமாகப் போய்ச் சேரும்.

அப்போது நம் வல்லுநர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எந்த எழுத்துக் குறியீடு சரி என்பதில் மடலாடற்குழுக்களில் டிஸ்கி என்று ஓர் அணி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாடு வழியாக வந்த டேம், டேப் என்று இன்னோர் அணி. யூனிகோடு என்று மூன்றாவது அணி. யூனிகோடே தமிழுக்கு அநியாயம் செய்துவிட்டது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று நாலாவது அணி. இதில் விசைப்பலகைச் சண்டை தனிக்கணக்கு. எல்லாரும் மொழிப்பற்று உள்ளவர்கள், தங்கள் சொந்த நேரத்தையும் காசையும் போட்டு உழைத்தவர்கள். அவர்கள் வாதங்களில் நியாயமும் இருந்தது; உயிர்மெய்க்குத் தனி இடம் கேட்டவர்கள் சொன்ன தொழில்நுட்பக் காரணங்களை இன்றைக்கும் தள்ளிவிட முடியாது. யூனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருந்தது, விண்டோஸ் 2000-த்தில் அதற்கான லதா எழுத்துருவும் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல். இடையில் போன வருஷங்களில், பிரவுசிங் சென்டர்காரனுக்காக யார் அவசரப்பட்டார்கள்?

சிலர் அவசரப்பட்டார்கள், அவர்களைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். சுரதா என்பவர் 'பொங்குதமிழ்' என்று ஒரு வலைப்பக்கம் செய்து போட்டார். பழைய குறியீட்டில் இருக்கிறதை ஒரு பெட்டியில் ஒட்டு, எது என்று ஒரு பொத்தானை அழுத்து, இன்னொரு பெட்டியில் யூனிகோடு வந்துவிடும். அவ்வளவுதான் மொத்தமும். அலங்காரம் கிடையாது. எந்த அணி ஜெயிக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டவனுக்கு வழி போட்டுக் கொடுத்தார். அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களைச் செய்தவர்களும் அதே ஜாதி. இன்றைக்கும் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்குப் போய்ப் பார். பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற விவரம் யூனிகோடில் வருகிறது. அங்கே இருக்கிற பழைய பேஜ்மேக்கருக்கு அது புரியாது. கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவார்கள், இல்லையென்றால் மறுபடி அடிப்பார்கள். அடிக்கும்போது மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கால் விட்டுப்போகும். ஊரே கூடிய இடத்தில் அதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும். இது உன் கண்ணில் படவில்லை, ஆனால் டார்க் மோடு எந்த ஆப்பில் நன்றாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் என்றேன். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தபோது மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர்கள் 32 பேர். உள்ளே இருந்த மொழி எர்லாங். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக எரிக்சன் கம்பெனி 1980-களில் செய்தது. எந்த விவாதத்திலும் எவனும் அதற்குக் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை. சிலிகான் பள்ளத்தாக்கில் எல்லாரும் ஐபோனுக்கு ஆப் செய்துகொண்டிருந்த காலத்தில், பட்டன் வைத்த நோக்கியா எஸ்40 போனிலும் பிளாக்பெர்ரியிலும் சிம்பியனிலும் ஓடுகிற மாதிரி அவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அலுப்பான வேலை. மாநாட்டு மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க முடியாது. ஆனால் உலகத்தின் கையில் அன்று இருந்தது அந்த போன்தான்.

நம் தெருமுனைக்கே வா. 2016-இல் யூபிஐ வந்தது. க்யூஆர் அட்டை ஒட்டாத பெட்டிக்கடை இல்லை என்று ஆனது. அப்போது புரோட்டாக் கடை மாஸ்டருக்கு ஒரு தொல்லை வந்தது. மாவு பிசைந்த கையோடு நிற்கிறவர் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, மெசேஜ் வந்ததா என்று பார்க்க முடியுமா? "அண்ணே, போட்டாச்சு" என்று எவனாவது பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டினால் என்ன செய்வார்? யாரோ ஒருவர் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வந்தது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லில் புரோட்டாவைத் தட்டிக்கொண்டே காதால் கணக்குப் பார்க்கிறார். பிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்று திரையைப் பற்றி நீ மூச்சு முட்டப் பேசிக்கொண்டிருந்தாய். அவருக்கு வேண்டியிருந்த ஆப்புக்குத் திரையே இல்லை.

"அப்படியானால் கருவியைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்கிறாய். பேசு. நன்றாகச் சண்டை போடு. ஆனால் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போடு. வால்பாறை எஸ்டேட்டில் வீடு வீடாகப் போகிற கிராம சுகாதார செவிலியருக்கு ஓர் ஆப் எழுதுகிறாய் என்று வை. கையில் இரண்டு ஜிபி ரேம் போன். மேலே ஏறினால் சிக்னல் கிடையாது. மழைக்காலம், விரல் ஈரம். கர்ப்பிணிகளின் விவரத்தைச் சேர்த்துவைத்து, சாயங்காலம் கீழே இறங்கியதும் அனுப்ப வேண்டும். இப்போது சொல், எந்த ஃபிரேம்வொர்க் சரி? இங்கே ஆப்பின் அளவைப் பற்றி, பேட்டரியைப் பற்றி, பாதியில் அறுந்துபோன டேட்டாவைப் பற்றி நீ தொண்டை கிழியக் கத்தினாலும் நான் கேட்பேன். அதே போனை இரண்டு கருவியிலும் ஓட்டிப் பார்த்து எண்ணோடு வந்து பேசினால் எழுந்து நின்று கேட்பேன். அந்தச் செவிலியர் பேச்சிலேயே வராத விவாதம் வெறும் ஜாதிப் பெருமை.

உன்னுடைய அடுத்த சாக்கும் எனக்குத் தெரியும். "சார், நான் சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறேன். கஸ்டமர் டெக்சாஸில் இருக்கிறார். நடுவில் கிளையண்ட் மேனேஜர், ஆன்சைட் ஆள், பிஸினஸ் அனலிஸ்ட், டீம் லீடு. என் கைக்கு வருவது ஜிரா டிக்கெட் மட்டும்." ஓ.எம்.ஆரில் பாதிப் பேரின் நிலைமை இதுதான், இதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் டிக்கெட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பதை மறக்கச் சொல்லி எந்த மேனேஜரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஓர் ஆஸ்பத்திரி மென்பொருள் என்று வைத்துக்கொள். டிக்கெட்டில் ஒரே வரி: நோயாளிகள் பட்டியலில் பிறந்த தேதியைச் சேர்க்கவும். நீ கடைசி நெடுவரிசையாகச் சேர்த்துவிட்டு, அரை நாளில் டிக்கெட்டை மூடிவிடுவாய். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: எதற்கு? பதில் வரும். வரவேற்பில் இருப்பவர் ஒரே பெயரில் இருக்கிற இரண்டு பேரைக் குழப்பிக்கொள்கிறார். போன வாரம் ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். இப்போது தெரிகிறதா? பிறந்த தேதி கடைசி நெடுவரிசையில் இருந்து பிரயோஜனமில்லை, அதைப் பார்க்க அவர் திரையை நகர்த்த வேண்டும். பெயருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நிறம் மாற வேண்டும். இதை நீ எழுதி அனுப்பினால், அடுத்த டிக்கெட்டை உன்னிடம் கேட்டுவிட்டு எழுதுவார்கள். கான்ஃபரன்ஸ் காலில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ வைத்திருக்கும் எந்த சர்ட்டிபிகேட்டும் உனக்கு அந்த இடத்தை வாங்கித் தராது.

நம்மூர்ப் பிள்ளைகளிடம் ஒரு கூச்சம் இருக்கிறது, அதை உடைக்காமல் எதுவும் நடக்காது. "எதற்கு?" என்று கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். வகுப்பில் கேள்வி கேட்டவனை உட்காரச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். அதனால் டெக்னிக்கல் விவாதத்தில் புலியாகப் பாய்கிறவன், கிளையண்ட் காலில் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுப் பூனையாகிவிடுகிறான். இங்கிலீஷ் தடுமாறினால் தடுமாறட்டும். அவர்களுடைய கவுண்டரில் நிற்கிற ஆளின் கஷ்டத்தைப் பற்றி நீ கேட்டால், உன் இலக்கணத்தை எவரும் திருத்த மாட்டார்.

2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்தது, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. நீ நாலு வருஷம் கரைத்துக் குடித்ததை அவை நாலு விநாடியில் எழுதித் தள்ளுகின்றன. உடனே உன் வழக்கப்படி இந்த ஏஐயா, அந்த ஏஐயா என்று புதுக் கொடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். கொஞ்சம் நில். எழுதுகிற வேலை மலிவாகிவிட்டது. எதை எழுத வேண்டும் என்று தெரிந்தவனின் மதிப்பு ஏறிவிட்டது. பெயர் எழுதிப் பழகிய வியாபாரிக்கு எண்கள் பிடிக்காது என்று எந்த மெஷினும் பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வராது. மாஸ்டரின் கையில் மாவு இருக்கிறது என்று நீ சொன்னால்தான் அதற்குத் தெரியும். பயப்பட வேண்டிய ஆள், கருவியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறவன். ஆளைத் தெரிந்துவைத்திருப்பவனுக்கு இது கூலி இல்லாமல் கிடைத்த பத்து உதவியாளர்கள்.

ஆளைத் தெரிந்தவனாக நீ ஆக முடியும். ஜாவா தெரிந்துகொண்டா பிறந்தாய்? காலேஜில் அரியர் வைத்து, விடிய விடிய உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். முன்பின் தெரியாத ஒரு மொழியைக் கற்றவனுக்கு, கண்ணெதிரே நிற்கிற மனிதரின் கஷ்டம் புரியாமல் போகுமா? உன் மூளையில் பாதியை ஊர்ச்சண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறது. காலி பண்ணச் சொல்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் போனதும் சப்போர்ட் டீம் உட்காரும் பக்கம் நட. எந்தக் கம்பெனியிலும் அவர்கள் லிப்டுக்குப் பக்கத்தில், ஏசி சரியாக எட்டாத மூலையில்தான் இருப்பார்கள். போன மாதம் எந்தப் புகாருக்கு அதிகமாகப் பதில் சொன்னீர்கள் என்று கேள். முதலில் உன்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டெவலப்பர் யாரும் அங்கே வந்து பழக்கமில்லை. இன்னொரு ஹெட்செட் வாங்கி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார். வாடிக்கையாளர் உன் மென்பொருளைத் திட்டுவார், உன்னைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. அவர் எந்த ஸ்கிரீனில் நிற்கிறார், அதற்கு முந்தின ஸ்கிரீனில் என்ன அழுத்தினார், அந்த நேரத்தில் அவர் முன்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள். அப்புறம் சீட்டுக்கு வந்து அதை முதலில் சரிசெய், எந்த மொழியில் வேண்டுமானாலும்.